எக்செலில் மார்க் ஷீட்டிலுள்ள மதிப்பெண்களை வேறொரு ஷீட்டுக்கு இணைக்கும்போது, தேர்வுக்கு வராதவருக்கு 0 விழுகிறதா?

வெறும் = போட்டு இணைக்காமல் இஃப் வைத்து இணையுங்கள்: =இஃப்(மார்க்!பி2="","",மார்க்!பி2). இஃப், பி இரண்டையும் ஆங்கில எழுத்தில் (IF, B) தட்டுங்கள். தேர்வுக்கு வராத மாணவருக்கு நேரே நீங்கள் பார்க்கும் 0 போய், செல் காலியாகவே நிற்கும்.

காலி செல்லை இணைத்தால் எக்செல் 0 என்றுதான் காட்டும். உங்கள் வகுப்புச் சராசரி இறங்கியதும் அதனால்தான். செட்டிங்கில் 0-வை மறைப்பது மட்டும் வேண்டாம். நிஜமாகவே 0 வாங்கிய பிள்ளையின் மதிப்பெண்ணும் மறைந்துவிடும்; சராசரியும் திருந்தாது.

அப்புறம், மார்க் ஷீட்டில் காலியாகத் தெரியும் செல்லை, எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ணும் லென் (LEN) போட்டுச் சோதியுங்கள். 1 வந்தால் உள்ளே ஒரு ஸ்பேஸ் ஒளிந்திருக்கலாம், டெலிட் செய்யுங்கள்.

கூட்டும்போது + வேண்டாம், சம் (SUM) போடுங்கள். இஃப் தரும் "" எழுத்துக் கணக்கில் சேரும். + அதைத் தொட்டால் #வேல்யூ! பிழைதான்.