ஆடு வளர்ப்பு: கேள்வி-பதில்

50 ஆடு வாங்கிவிட்டால் மாதம் எவ்வளவு கிடைக்கும்? (தொண்டி)

வெள்ளாடா செம்மறியா, மேய்ச்சலா கொட்டிலா, குடிக்க நல்ல தண்ணீர் உண்டா, ஒன்றும் எழுதவில்லை. ஜோசியமா சொல்ல முடியும்? சினை 5 மாதம். குட்டி விலைக்கு வர இன்னும் ஒரு 6 மாதம். முதல் வருடம் மாதக் கணக்குப் பேச்சே கிடையாது.

பக்ரீத்துக்குக் கிடா வளர்த்து விற்கலாமா? (கீழக்கரை)

தாராளமாக. பெருநாள் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் வரும், அதைக் கணக்கில் வையுங்கள். வெள்ளாட்டுக் கிடாவுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். நொண்டி, குருடு, காது அறுந்தது விலை போகாது. காப்பீட்டுக்குக் காதில் வில்லை அடிக்கும்போது கிழித்துவிடாதீர்கள்.

அல்பாகாவில் பணம் போட்டால் 3 வருடத்தில் இரட்டிப்பாம். குட்டியைத் திரும்ப அவர்களே வாங்கிக்கொள்வார்களாம். சேரலாமா? (மண்டபம்)

வேண்டாம். அது பெரு, பொலிவியா நாட்டு மலைப் பிராணி. 4000 மீட்டர் உயரத்துக் குளிருக்குப் பிறந்த உடம்பு. மண்டபத்துச் சித்திரை வெயிலில் அந்தக் கம்பளியோடு நிற்கவைப்பது பாவம். சினை 11 மாதத்துக்கு மேல், ஈற்றுக்கு ஒரு குட்டி, வருடத்துக்கு 2, 3 கிலோ கம்பளி. அமெரிக்காவில் ஒரு பெட்டை பல ஆயிரம் டாலருக்குப் போனது கம்பளிக்காகவா? அடுத்து வளர்க்க வருகிறவன் அதைவிடக் கூடக் கொடுப்பான் என்ற நம்பிக்கையில். புது ஆள் வரத்து குறைந்ததும் விலை விழுந்தது.

பெருந்துறை ஈமுக் கோழிக் கம்பெனிக்காரர்களை அதற்குள் மறந்தாயிற்றா? குஞ்சு தருவோம், மாதாமாதம் பராமரிப்புப் பணம் தருவோம், வளர்ந்ததும் நாங்களே வாங்கிக்கொள்வோம் என்றார்கள். 2012-இல் கடையைச் சாத்தினார்கள். பட்டினி கிடந்த பறவைகளுக்குக் கால்நடைத் துறை தீனி போட வேண்டியதாயிற்று. என் பெரியப்பா மகனும் நிலத்தை அடகு வைத்துச் சேர்ந்தவர்தான். அப்போது போட்ட ஆளுயரக் கம்பிவேலி இன்னும் நிற்கிறது. உள்ளே இப்போது நம்மூர் வெள்ளாட்டு இனமான கொடி ஆடுகள் நிற்கின்றன.

எப்போதும் சொல்வதுதான்: பணம் போடுமுன் உங்கள் தெருக் கசாப்புக் கடைக்காரரிடம் போய், ‘இதை வாங்குவீர்களா, கிலோ என்ன விலைக்கு?’ என்று கேளுங்கள். ஈமுவைப் பற்றி யாராவது கேட்டார்களா? ஆட்டுக்கு அப்படியில்லை. நம்மூர்க் கீதாரிகள், அதாவது ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்கள், மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போய், வயலில் இரவு அடைத்துக் கிடை போடுகிறார்கள். அங்கே புழுக்கைக்கும் மூத்திரத்துக்குமே வயல்காரர் கூலி தருகிறார். விற்றவனே திரும்ப வாங்குவான் என்றால், வேறு யாரும் வாங்கமாட்டார்கள் என்று படியுங்கள்.

சீமைக் கருவேலங்காய் போடலாமா? (ஏர்வாடி)

காயவைத்து இடித்து, மற்ற தீவனத்தோடு கலந்து போடுங்கள். முழுசாகப் போட்டால் விதை புழுக்கையோடு வந்து உங்கள் காட்டிலேயே முளைக்கும்.

ஐப்பசியில் செம்மறி வாங்கப் போகிறேன். (தேவிபட்டினம்)

கேள்வி எங்கே? சரி, நானே சொல்கிறேன். நீலநாக்கு, துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி என்ற மூன்று நோய்க்கும் மழைக்கு முன்பே தடுப்பூசி போட்ட ஆடாகப் பாருங்கள். வாங்கியதை 3 வாரமாவது தனியாகக் கட்டுங்கள்.

கொடி ஆடா, தென்னாப்பிரிக்கப் போயர் ஆடா? (சாயல்குடி)

கொடி ஆடு. சந்தேகமிருந்தால் கசாப்புக் கடைக்காரரைக் கேளுங்கள்.