குடும்ப வாழ்க்கையை எளிமையாக்க வீட்டில் எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளி செல்லும் குழந்தைகள் இருவர், மாமியாரும் எங்களோடு இருக்கிறார். வீட்டில் எந்நேரமும் ஓட்டம்தான். பொருட்களைக் குறைத்துப் பார்த்தோம், பெரிய மாற்றம் தெரியவில்லை. வேறு என்ன செய்யலாம்?

பதில்:

எங்கள் வீடும் ஏறக்குறைய இதே அமைப்புதான். தஞ்சாவூரில் இருக்கிறோம். எனக்கு வங்கி வேலை, அவருக்கு அவ்வப்போது வெளியூர் போகிற வேலை, அத்தை எங்களோடு இருக்கிறார். அதனால் எங்களுக்குப் பலன் தந்ததை மட்டும் சொல்கிறேன்.

பொருட்களைக் குறைத்தும் மாற்றம் இல்லை என்கிறீர்கள். இருக்காதுதான். பரணில் கிடக்கும் அண்டா யாருடைய தூக்கத்தையும் கெடுப்பதில்லை. நாளைக்கு மாவு இருக்கிறதா, சிலிண்டர் எப்போது மாற்றினோம், சின்னவளுக்குப் பள்ளியில் என்ன நிறத்தில் உடை கேட்டார்கள், வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு யார் போவது, இப்படி நூறு விஷயம் ஒரே ஒருவருடைய தலைக்குள் ஓடிக்கொண்டே இருப்பதுதான் பாரம். பெரும்பாலான வீடுகளில் அது அம்மாவின் தலை. அங்கே இருப்பதை இறக்கி வைக்காமல் அலமாரியை எத்தனை முறை ஒழித்தாலும் ஓட்டம் நிற்காது.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் நடந்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோது அது 289, 88 என்று ஆனது. இரண்டு பக்கமும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது. இவ்வளவும் பெரும்பாலும் கையால் செய்த வேலைக்கான கணக்கு. பஸ்ஸில் வரும்போதே ராத்திரி டிபனை யோசிப்பது இதில் சேராது. அந்த யோசனையும் உழைப்புதான். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்த காலத்தில் வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று சொன்னபோது, திட்டமிடுவது, வரவு செலவு பார்ப்பது எல்லாவற்றையும் அவருடைய உழைப்பாக எடுத்துச் சொன்னது. அந்தச் செய்தியை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

சரி, எப்படி இறக்கி வைப்பது? வேலையைப் பிரித்துக் கொடுத்தால் போதாது, பொறுப்பை முழுசாகக் கொடுக்க வேண்டும். "என்ன செய்யணும் சொல்லு, செய்யறேன்" என்று நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் எது குறைகிறது என்று கவனித்து, சொல்லி, முடிந்ததா என்று பார்ப்பது மறுபடி நம்மிடமே வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் பால், சிலிண்டர், கரண்ட் பில், வீட்டு வரி, காய்கறி ஐந்தும் கணவருடையவை. சிலிண்டர் தீர்ந்தால் அடுத்ததை இணைத்து, அன்றைக்கே புக் செய்வதும் அவர்தான். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வீட்டு வரி அரையாண்டுக்கு ஒருமுறை. தேதிகளை அவர் போனில் வைத்துக்கொண்டிருக்கிறார். வெளியூர் போகிற வாரத்தில் அதற்கான ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் போவதும் அவர் வேலை.

கொடுப்பவருக்கும் இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கொடுத்த பிறகு சோதனை போடக் கூடாது. உழவர் சந்தையிலிருந்து முற்றின வெண்டைக்காய் வந்தால் அன்றைக்கு அதுதான் குழம்பில். நுனியை ஒடித்துப் பார்த்து வாங்க வேண்டும் என்பது இரண்டு வாரம் சாப்பிட்டால் யாருக்கும் தானே தெரிந்துவிடும். பக்கத்தில் நின்று குறை சொன்னால் அந்தப் பொறுப்பு ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்துவிடும். இந்த இடத்தில்தான் பல வீடுகளில் முயற்சி நின்றுபோகிறது என்று நினைக்கிறேன்.

அடுத்தது சமையல். "இன்னைக்கு என்ன சமையல்?" என்ற கேள்வியைத் தினமும் கேட்கவே கூடாது என்று முடிவு செய்தோம். திங்கள் சாம்பார், செவ்வாய் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும், புதன் கீரை மசியலும் ரசமும், வியாழன் மோர்க்குழம்பு, வெள்ளி மறுபடி சாம்பார், சனிக்கிழமை ஏதாவது கலந்த சாதம், ஞாயிறு குழந்தைகள் கேட்பது. நம் பாட்டிமார் வீடுகளிலும் இப்படி ஒரு முறை இருந்தது, எழுதி ஒட்டவில்லை, அவ்வளவுதான். சலிப்பாக இருக்காதா என்று கேட்பார்கள். சாம்பாரில் போடும் காய் வாரா வாரம் மாறுகிறது, அதுவே போதுமாக இருக்கிறது. பெரிய லாபம், காய் வாங்குபவருக்கும் மளிகை எழுதுபவருக்கும் யாரையும் கேட்காமலே தேவை தெரிகிறது.

ராத்திரி டிபனை மாவுதான் முடிவு செய்கிறது. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம், புதனும் சனியும் சாயங்காலம் அரைப்பது. புளித்த முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, கடைசியில் புளிப்பு ஏறியதும் வெங்காயம் போட்டு ஊத்தப்பமோ பணியாரமோ. சித்திரை வெயிலில் மாவு சீக்கிரம் பொங்கிவிடும், பாதி ராத்திரியில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியிருக்கும். மார்கழியில் காலை வரை வெளியிலேயே இருக்கட்டும். இந்தக் கணக்கு அத்தையின் கையில் இருக்கிறது, அவரே விரும்பி வைத்துக்கொண்டது.

"விரும்பி" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் எளிமையாக்குகிறோம் என்ற பெயரில் பாரம் பெரும்பாலும் பாட்டியின் மேல் போய் உட்காரும், இல்லாவிட்டால் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் மேல். எழுபது வயதில் முழங்கால் வலியோடு இருப்பவர் மூன்று வேளையும் அடுப்படியில் நின்று, அதனால் நம் வீடு சுலபமாக ஓடுகிறதென்றால் அதற்கு எளிமை என்று பேர் வைக்க எனக்கு மனம் வராது. உங்கள் மாமியாரிடம் எது பிடிக்கும், எதை விட்டுவிட ஆசை என்று உட்கார்ந்து கேளுங்கள். அத்தை மாவையும் ஊறுகாயையும் வைத்துக்கொண்டார், காலை டிபனை விட்டுவிட்டார். இத்தனை வருஷமாக அதை அவரிடம் யாரும் கேட்டதே இல்லையாம். வேலைக்கு வரும் அக்காவுக்கு ஞாயிறு முழு விடுமுறை. அன்றைக்குப் பாத்திரம் பெரியவனும் அவன் அப்பாவும்.

விசேஷங்கள் பற்றியும் கேட்டிருப்பீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் சனி, ஞாயிறு முழுவதையும் விழுங்குவது அவைதான். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று வைகாசியிலும் ஆவணியிலும் பத்திரிகை குவியும். உறவை விட்டுவிட முடியாது, விடவும் வேண்டாம். ஆனால் எல்லாரும் எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. நெருங்கிய உறவென்றால் குடும்பத்தோடு, மற்றதற்கு ஒருவர் மட்டும். மொய் நோட்டைப் பார்த்து நமக்கு வந்ததைத் திருப்பிச் செய்வதில் குறை வைப்பதில்லை. போக முடியாத இடத்துக்கு முன்னதாகவே போன் செய்து பேசிவிடுவோம். முதலில் ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களும் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஒருவராக வந்து போக ஆரம்பித்தார்கள், நிம்மதியாகவே.

பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வீட்டுக்குள் வருவதைத் தடுப்பது, இருப்பதை ஒழிப்பதைவிட எளிது. தாம்பூலப் பையில் வரும் ஜாக்கெட் துணியும் பிளாஸ்டிக் டப்பாவும்தான் எங்கள் வீட்டில் அதிகம் சேர்ந்தன. இப்போது நாங்கள் கொடுக்கும்போது வெற்றிலை பாக்கு, பழம், தேங்காயோடு நிறுத்திக்கொள்கிறோம். பழைய எவர்சில்வரை எடைக்குப் போட்டோம். அத்தையின் சீர்ப் பாத்திரங்களை மட்டும் தொடவில்லை, அவை அவருடையவை.

குழந்தைகளுக்கு வகுப்பு ஆளுக்கு ஒன்றுதான். பெரியவன் சதுரங்கம், சின்னவள் பாட்டு. அபாகஸ், இந்தி, கராத்தே என்று மற்றவர்கள் போகும்போது நம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயம் எனக்கும் வரும். சாயங்காலம் இருவரும் தெருவில் விளையாடிவிட்டு வந்து பசியோடு சாப்பிடுவதைப் பார்க்கிறேன், அந்த நேரத்தை எந்த வகுப்புக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம். யார் எதை நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இருவரும் தனித்தனியாக எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளமான தாளிலிருந்து முதலில் பாலையும் சிலிண்டரையும் கைமாற்றுங்கள், அவற்றில் தவறினால் ஒரு வேளைக் காபியோடு போய்விடும். பள்ளி விஷயத்தைக் கடைசியில் மாற்றலாம். மாற்றும்போது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உங்கள் கணவரின் எண்ணைச் சேர்த்துவிட்டு, உங்கள் எண்ணை எடுத்துவிடச் சொல்லுங்கள். இரண்டு எண்ணும் இருந்தால் அவர் பார்த்திருப்பாரா என்று நீங்களும் பார்த்துக்கொண்டேதான் இருப்பீர்கள்.