'64 சதவீதம் ஏஐ' என்கிறார் கைடு, என்ன செய்வது?

கேள்வி: தென்காசிப் பக்கம் எம்.ஏ. பொருளியல் இறுதியாண்டு படிக்கிறேன். பீடி சுற்றும் பெண்களின் கடன் பற்றி ஆய்வேடு. தமிழில் எழுதி, நானே ஆங்கிலத்துக்கு மாற்றி, இலக்கணத்தை சாட்ஜிபிடியில் திருத்தினேன். முந்தைய ஆய்வுகள் பற்றிய பகுதிக்கு மட்டும் நாலைந்து கட்டுரைகளைச் சுருக்கித் தரச் சொன்னேன். சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்த கைடு '64 சதவீதம் ஏஐ' என்கிறார். 60ஐத் தாண்டினால் ரெஜிஸ்ட்ரேஷனே ரத்து என்கிறார்கள் தோழிகள். பிரவுசிங் சென்டரில் பணம் கொடுத்தால் குறைத்துத் தருவார்களாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள். அங்கே நடப்பது வேறொரு மென்பொருள் உங்கள் வாக்கியங்களை எடுத்துச் சொற்களை மாற்றிப் போடுவதுதான், அப்புறம் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரு வரியைக் காட்டிக் கேட்டால் உங்களுக்கே அது என்னவென்று தெரியாது.

முதலில் அந்த 60 பற்றிய பயத்தை விடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018ல் கொண்டுவந்த விதிகளில் 60 சதவீதத்துக்கு மேல் போனால் பதிவு ரத்து என்பது உண்மைதான், ஆனால் அது சிமிலாரிட்டி சதவீதம், அதாவது ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு உங்கள் எழுத்து எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற கணக்கு. சாட்ஜிபிடி வந்ததே 2022 நவம்பரில், அதனால் அந்த 60 ஏஐ பற்றியதாக இருக்கவே முடியாது. சிமிலாரிட்டி ரிப்போர்ட்டில் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று மூலத்தைக் காட்ட முடியும், யாரும் சரிபார்க்கலாம். ஏஐ சதவீதத்துக்குக் காட்ட மூலம் என்று எதுவும் கிடையாது, அது வெறும் ஊகம். அடுத்த சொல் எதிர்பார்த்தபடியே வருகிறதா என்று பார்த்துச் சொல்வது. பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் கற்றவர்களின் எழுத்து இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். 2023ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை ஏஐ எழுதியது என்றே அவை சொல்லின. ஓபன்ஏஐ நிறுவனமே தன்னுடைய கண்டறியும் கருவி துல்லியமாக இல்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த ஒரு எண்ணை வைத்து ஒரு மாணவியின் இரண்டு வருடப் படிப்பைத் தீர்மானிப்பது அநியாயம், இதை எந்தப் பேராசிரியரிடமும் சொல்வேன்.

சரி, இப்போது நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். இலக்கணம் திருத்தியதில் எனக்குப் பெரிய மனவருத்தம் இல்லை, உங்கள் பல்கலைக்கழகம் அதையும் தடை செய்திருக்கிறதா என்று மட்டும் சுற்றறிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாலைந்து கட்டுரைகளைப் படித்தீர்களா? படிக்காமல் 'இன்னார் இப்படிக் கூறுகிறார்' என்று எழுதியிருந்தால், சதவீதம் பூஜ்யமாக இருந்தாலும் அது தப்புதான். கட்டுரையில் இல்லாததைச் சுருக்கத்தில் சேர்ப்பதும், எழுதப்படாத கட்டுரைக்குத் தலைப்பும் ஆண்டும் கொடுப்பதும் இந்தக் கருவிகளுக்கு வழக்கம். அவற்றைத் தேடி எடுத்துப் படித்து, அந்தப் பக்கங்களைத் திரும்ப எழுதுங்கள்.

பிறகு கைடைப் பாருங்கள். அவர் கேட்கும் முன்பே, எதெதற்கு சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினீர்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அந்தச் சுருக்கங்களையும் சேர்த்து. சாட் ஹிஸ்டரி இருந்தால் காட்டுங்கள். தமிழில் எழுதிய நோட்டு, வீடு வீடாகப் போய் நிரப்பி வந்த கேள்வித்தாள்கள், எல்லாவற்றையும் மேஜையில் வையுங்கள். சரியில்லை என்று கழித்துவிட்ட பீடிக்குக் கூலி கிடைக்காமல் போனதால் அந்த வாரக் குழுக்கடனைக் கட்ட வேறு இடத்தில் வட்டிக்கு வாங்கினேன் என்று ஓர் அக்கா சொன்னது உங்கள் கையெழுத்தில் இருக்குமே, அதைக் காட்டுங்கள். எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் கேளுங்கள் சார், பதில் சொல்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரம் பேசினால் வேலை யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிடும், அந்த அரை மணி நேரத்தை ஒதுக்குவது அவருடைய கடமையும்கூட.

அப்படியும் அவர் மறுத்தால் துறைத்தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள். இது போன்ற புகார்களை விசாரிக்கத் துறை அளவில் ஒரு குழு இருக்க வேண்டும், உங்கள் தரப்பைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதும் அதே 2018 விதிகளில் இருக்கிறது. கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.