அமெரிக்காவில் என் எம்.எஸ்.டபிள்யூ செல்லுமா?

கேள்வி: மருத்துவ, மனநலப் பிரிவில் எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலைப் பட்டம்) முடித்து ஒரு மனநல மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி, எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் மனைவி என்ற முறையில் கிடைக்கும் எச்-4 விசாவில் கலிபோர்னியா போகப்போகிறேன். அங்கே லைசென்ஸ் இல்லாமல் கவுன்சிலிங் செய்ய முடியாதாம், முதலிலிருந்து மறுபடி படிக்கவேண்டுமாம். கணவருக்கு டெக்சாஸுக்கு மாற்றல் வரவும் வாய்ப்பிருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: மறுபடி படிக்கவேண்டும் என்று சொல்பவர்கள் பேச்சை இப்போதைக்குக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் சகோதரி. வெளிநாட்டு எம்.எஸ்.டபிள்யூ பட்டம் அமெரிக்கப் பட்டத்துக்குச் சமமா என்று பார்த்துச் சொல்ல, அங்குள்ள சமூகப் பணிக் கல்வி கவுன்சில் தனியாக ஒரு பிரிவே வைத்திருக்கிறது. மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம், களப்பணி மணிநேரம் எல்லாம் கேட்பார்கள். இவற்றைக் கல்லூரியிலிருந்து முத்திரையோடு வாங்கும் வேலையை விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், அங்கே போய் உட்கார்ந்துகொண்டு திருச்சியில் ஒரு கையெழுத்துக்கு ஆள் அனுப்புவது பெரிய பாடு.

லைசென்ஸ் விஷயம் உண்மைதான். அதைக் கொடுப்பது மத்திய அரசு இல்லை, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகக் கொடுக்கிறது, விதிகளும் வேறு வேறு. கலிபோர்னியாவில் பிஹேவியரல் சயின்ஸஸ் போர்டில் முதலில் 'அசோசியேட்' (லைசென்ஸுக்கு முந்தைய நிலை) என்று பதிவு செய்யவேண்டும். அதற்குப் பிறகு, தகுதியுள்ள ஒரு சூப்பர்வைசரின் கீழ், குறைந்தது 104 வாரங்களில் 3,000 மணிநேரம் வேலை. கூடவே மாநிலச் சட்டமும் தொழில் ஒழுங்கும் பற்றிய தேர்வு, கடைசியாக ஏ.எஸ்.டபிள்யூ.பி. என்ற சமூகப் பணி வாரியங்களின் சங்கம் நடத்தும் கிளினிக்கல் தேர்வு. இவ்வளவும் முடிந்தால்தான் தனியாகக் கவுன்சிலிங் செய்வதற்கான எல்.சி.எஸ்.டபிள்யூ லைசென்ஸ். இங்கே மருத்துவமனையில் நீங்கள் பார்த்த வேலை அந்த 3,000 மணியில் பெரும்பாலும் சேராது, அது எனக்கும் வருத்தம்தான், ஆனால் அந்த அனுபவம் நல்ல இடத்தில் வேலை கிடைக்கக் கைகொடுக்கும்.

உங்களுக்கு உண்மையான தடை பட்டம் இல்லை, விசா. எச்-4இல் இருப்பவர் இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் வேலை பார்க்கக்கூடாது, வேலையே இல்லையென்றால் மணிநேரம் எப்படிச் சேரும்? கணவருடைய ஐ-140 மனு (கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் போடும் மனு) அங்கீகரிக்கப்பட்டிருந்தால் நீங்கள் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த மனு எந்த நிலையில் இருக்கிறது என்று இன்றைக்கே அவரிடம் கேளுங்கள். சம்பளம் இல்லாமல் வந்து செய், மணிநேரம் தருகிறோம் என்று யாராவது கூப்பிட்டால், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் போகவே போகாதீர்கள்.

டெக்சாஸில் வரிசையே வேறு. முதலில் மாஸ்டர்ஸ் தேர்வு எழுதி எல்.எம்.எஸ்.டபிள்யூ என்ற முதல்நிலை லைசென்ஸ் வாங்கவேண்டும், அதன் பிறகுதான் 3,000 மணிநேரக் கணக்கு தொடங்கும், குறைந்தது 24 மாதம். அதனால் மாற்றல் உறுதியாகும்போலத் தெரிந்தால், கலிபோர்னியாவில் சேர்த்த மணிகளில் எவ்வளவு செல்லும் என்று அங்கே லைசென்ஸ் கொடுக்கும் டெக்சாஸ் கவுன்சிலுக்கு எழுதி, பதிலை எழுத்திலேயே வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தையை நம்பவேண்டாம். பல மாநிலங்களுக்கும் சேர்த்து ஒரே லைசென்ஸ் என்ற ஒப்பந்தம் ஏழு மாநிலங்கள் சட்டம் போட்டதும் 2024இல் உயிர்பெற்றது, ஆனால் அது ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குத்தான்.

அப்புறம், சூப்பர்வைசர் கையெழுத்து. வாராவாரம் மணிநேரப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். சூப்பர்வைசர் நடுவில் வேறு வேலைக்குப் போய்விட்டால் உங்கள் உழைப்புக்குச் சாட்சி அந்தத் தாள்கள்தான்.

இரண்டாவது எம்.எஸ்.டபிள்யூ பற்றி யோசிக்கவேண்டியது இரண்டு நிலைமையில்தான்: உங்கள் பட்டம் சமம் இல்லை என்று சமூகப் பணிக் கல்வி கவுன்சில் சொல்லிவிட்டால், அல்லது இ.ஏ.டி.க்கு வழியே இல்லாமல் மாணவர் விசாவுக்கு மாறித்தான் வேலை அனுமதி பெறமுடியும் என்றால். முதலில் பட்ட மதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள்.