கஞ்சாக் கடைக்குக் கணக்கு எழுதவா பிள்ளையைப் படிக்க வைத்தோம்?

நியூ ஜெர்சி மாநிலம் எடிசனிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். கணவருக்கு மென்பொருள் வேலை, எச்1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் பல வருடக் காத்திருப்பு. மகள் அங்கேயே பிறந்தவள், பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். பள்ளிப்படிப்பு முடிந்ததும் நேரே சேரும் ஏழாண்டு மருத்துவப் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவளோ வேண்டாம் என்கிறாள். கணக்கியல் படித்து, கஞ்சா உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் சிறு முதலாளிகளுக்குத் தொழில் உதவி செய்யப் போவதாகச் சொல்கிறாள். டாலஸில் இருக்கும் சித்தப்பா, "கஞ்சா விற்கிறவனுக்குக் கணக்குப் பிள்ளையாக இருக்கவா அமெரிக்கா வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டாராம். வீட்டில் இரண்டு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் பேச்சே இல்லை.

அம்மா, நீங்கள் பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள். ஆறுதல் இவ்வளவு போதும். மீதி எல்லாம் உங்கள் சித்தப்பாவுக்கு எதிரான வாதம், அதில் கொஞ்சம் உங்களுக்கும் எதிரானது.

முதலில் அந்த ஏழாண்டுப் படிப்பு. அமெரிக்காவில் கடன் வாங்கி மருத்துவம் முடிப்பவர்களின் நடுத்தரக் கடன் சுமார் 2 லட்சம் டாலர். அதற்குப் பிறகு ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி குறைந்தது மூன்று வருடம். நோயாளியின் பக்கத்தில் நிற்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு அந்தக் கடன் தாங்கக்கூடியது. மருத்துவமனையில் தன்னார்வலராகப் போன ஒரு கோடை முழுக்க வாரம் தவறாமல் அழுத பிள்ளைக்கு அப்படி இல்லை. அந்த விவரத்தை எழுதியது நீங்கள்தான். உறவினரின் பெருமைக்காக 17 வயதுப் பெண்ணைப் பத்து வருடத்துக்கும் மேல் கட்டிப்போடக் கூடாது. கணினி, மருந்தியல் போன்ற மற்ற வழக்கமான படிப்புகள் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. எடிசனில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாலே தெரிந்துவிடும்.

அவள் சொல்லும் வேலை என்ன என்பதுதான் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அதைச் சொல்கிறேன்.

இந்தியாவில் கஞ்சா 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் குற்றம். ஊரில் இருப்பவர்கள் பதறுவதற்கு அது நியாயமான காரணம். நியூ ஜெர்சியின் நிலை வேறு. 2020 நவம்பர் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் சம்மதித்தார்கள். 2021 பிப்ரவரி 22 அன்று அப்போதைய ஆளுநர் மர்ஃபி சட்டத்தில் கையெழுத்திட்டார். 2022 ஏப்ரல் 21 முதல் 21 வயது நிறைந்தவர்களுக்குக் கடைகளில் விற்பனை நடக்கிறது. குடிப்பதும் புகைப்பதும் நல்லது என்று நான் சொல்லவில்லை, உங்கள் மகளும் சொல்லவில்லை. சட்டப்படி நடக்கும் ஒரு வியாபாரத்தில் யார் உள்ளே வர முடிகிறது என்பதே அவளுடைய கேள்வி.

கேள்வி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். ஆனால் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு 3.64 மடங்கு என்று அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் (ஏசிஎல்யு) 2020இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. அந்தக் கைதுகளால் வேலை போனவர்கள், வாடகை வீடு கிடைக்காமல் அலைந்தவர்கள் ஏராளம். விற்பனை சட்டபூர்வமானதும் பெரும் பணக்காரர்கள் உள்ளே வந்தார்கள். பழைய வழக்கில் சிக்கியவர்களுக்கும், அதிகமாகக் கைது நடந்த பகுதிவாசிகளுக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்று மாநிலங்கள் சேர்த்த ஏற்பாட்டுக்குத்தான் சமூக சமத்துவ உரிமம் என்று பெயர். கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகரம் 2017இல் தொடங்கியது. இல்லினாய், நியூ ஜெர்சி, நியூயார்க் எல்லாம் பின்னால் வந்தன. நியூ ஜெர்சியில் பழைய வழக்கு உள்ளவர்களோ பின்தங்கிய பகுதியில் வாழ்ந்தவர்களோ பாதிக்கு மேல் சொந்தமாக வைத்திருந்தால் அந்தத் தொழிலின் விண்ணப்பம் வரிசையில் முன்னால் போகும். மகளின் தோழியுடைய மாமா அப்படிப்பட்ட ஒருவர்.

முன்னுரிமைச் சீட்டு கையில் இருந்தால் கடை திறந்துவிடாது. இந்த மனிதர்களுக்குப் பணமில்லை, பணம் தரும் கதவுகளும் மூடியிருக்கின்றன. சின்ன ஓட்டல் வைக்கிறவருக்கு மத்திய அரசின் சிறுதொழில் நிர்வாகம் உத்தரவாதம் தரும் கடன் கிடைக்கும். கஞ்சா உரிமதாரருக்குக் கிடைக்காது. பெரிய வங்கிகள் கணக்குத் திறக்கவே தயங்குகின்றன. திறக்கும் சிறிய வங்கிகள் கண்காணிப்புச் செலவு என்று கட்டணம் போடுகின்றன. தொழில் நொடித்தால் மத்திய திவால் நீதிமன்றத்தின் பாதுகாப்பும் இல்லை. இல்லினாயில் 2020இல் முதல் 75 கடை உரிமங்களுக்கு நடந்த விண்ணப்ப மதிப்பீட்டில் 21 குழுக்கள் மட்டும் முழு மதிப்பெண் வாங்கின. விண்ணப்பம் எழுத ஆலோசகருக்குக் கொட்டிக் கொடுக்க முடிந்தவர்களுக்கே அது சாத்தியம் என்று மற்றவர்கள் கொதித்தார்கள். வழக்கு, புதுக் குலுக்கல் என்று இழுத்து, உரிமம் கைக்கு வந்தது 2022 ஜூலையில். அதுவரை காலிக் கடைக்கு வாடகை கட்டியவர்களின் சேமிப்பு கரைந்துபோனது.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான கணக்காளர் செய்யக்கூடியது மிக அதிகம். உங்கள் மகள் அந்த மாமாவுடன் உட்கார்ந்து, அவர் பார்த்து வைத்த கடையின் வாடகை முதல் வருடத்திலேயே அவரை விழுங்கிவிடும் என்று ஒரு எக்ஸெல் தாளில் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதைக் குறையாக எழுதினீர்கள். எனக்கு அந்த வரியில்தான் அவளுடைய தொழில் தெரிந்தது.

வரியிலிருந்து தொடங்குவோம். 1981இல் ஒரு போதைப்பொருள் வியாபாரி, தன் வாடகை, தொலைபேசி, வாகனச் செலவை எல்லாம் வருமானத்தில் கழித்துக்கொள்ள வரி நீதிமன்றத்தில் அனுமதி பெற்றார். கோபமடைந்த அமெரிக்க நாடாளுமன்றம் 1982இல் வரிச் சட்டத்தில் 280இ என்ற பிரிவைச் சேர்த்தது. தடைசெய்யப்பட்ட பொருள்களின் முதல் இரண்டு பட்டியல்களில் உள்ளதை விற்பவர் எந்தச் செலவையும் கழிக்க முடியாது. சரக்கின் அடக்க விலையை மட்டும் கழிக்கலாம். கஞ்சா முதல் பட்டியலில் இருந்ததால் மாநில உரிமம் பெற்ற கடைக்காரரும் இதில் மாட்டிக்கொண்டார். ஒரு கடையில் வருடம் 10 லட்சம் டாலர் விற்பனை, சரக்கு 5.5 லட்சம், வாடகையும் சம்பளமும் மற்றதும் 4 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான லாபம் 50,000 டாலர். மளிகைக் கடை நிறுவனமாக இருந்தால் 21 சதவீத மத்திய வரி 10,500. 280இ பிடித்தால் 4.5 லட்சத்துக்கு வரி, அதாவது 94,500. லாபம் முழுக்கப் போய், கையிலிருந்தும் 44,500 கட்ட வேண்டும். மாநில வரியில் இந்தக் கொடுமை வேண்டாம் என்று நியூ ஜெர்சி 2023இல் விலக்கு தந்தது. அந்த விலக்கைக்கூட அறியாமல் தாக்கல் செய்பவர் இருக்கலாம். கஞ்சாவை அந்த இரண்டு பட்டியல்களுக்கு வெளியே மாற்றும் முன்மொழிவை மத்திய நீதித்துறை 2024 மே மாதம் வெளியிட்டது என்பதால், இந்த ஒரு பிரிவை மட்டும் நம்பி வாழ்க்கையை அமைக்கச் சொல்ல மாட்டேன். அடக்க விலைக் கணக்கு, சரக்குக் கணக்கு, ரொக்கக் கணக்கு மூன்றும் தெரிந்தவருக்கு எந்தத் தொழிலிலும் வேலை உண்டு.

ரொக்கம் என்றதும் இன்னொன்று. வங்கி வசதி குறைவாக இருப்பதால் பணம் நோட்டாகப் புழங்குகிறது. 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் வாங்கினால் மத்திய வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு 8300 படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். விதையிலிருந்து விற்பனை வரை ஒவ்வொரு பொட்டலமும் மெட்ரிக் என்ற மென்பொருளில் பதிவாக வேண்டும். அலமாரியில் உள்ள எடையும் மென்பொருள் காட்டும் எடையும் ஒத்துப்போகாவிட்டால் உரிமத்துக்கே ஆபத்து. மாலையில் கடை மூடும்போது இதைச் சரிபார்க்கப் பணியாளருக்குப் பழக்கிக் கொடுப்பதும் இந்த வேலையில் அடங்கும்.

உரிமத்துக்கு முந்தைய கட்டம்தான் அவளுக்கு மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். நியூ ஜெர்சியில் இடம் உறுதியாகாதவர் முதலில் நிபந்தனை உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டு வருமானம் தனியாக 2 லட்சம், தம்பதியாக 4 லட்சம் டாலருக்குள் இருக்க வேண்டும். நுண்தொழில் உரிமம் என்று ஒன்று உண்டு: பத்துப் பணியாளர், 2,500 சதுர அடி. ஏழைக்கு ஏற்ற வாசல் அதுதான். மாநிலத்தின் 564 நகராட்சிகளில் பெரும்பாலானவை 2021இலேயே கதவைச் சாத்திவிட்டன. மீதியுள்ள ஊரில் நகரமன்றத் தீர்மானம், மண்டல அனுமதி, பள்ளிக்கூடத் தூரம் எல்லாம் பார்த்து இடம் பிடிக்க வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு கட்டட உரிமையாளர்கள் வாடகையை ஏற்றுவார்கள். 'உரிமம் கிடைக்காவிட்டால் குத்தகை ரத்து' என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் போட வைத்தால் ஒரு குடும்பம் பிழைக்கும்.

அதைவிடப் பெரிய கண்ணி முதலீட்டாளர். காகிதத்தில் 51 சதவீதம் விண்ணப்பதாரருக்கு. பின்னால் வரும் நிர்வாக ஒப்பந்தத்திலோ, லாபம் முழுக்க 'மேலாண்மைக் கட்டணம்' என்று பணம் போட்டவருக்குப் போகும். அவர் நினைத்த நாளில் அற்பத் தொகைக்குப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமையும் இருக்கும். சிறை பார்த்து வந்த மனிதரின் பெயரை வாடகைக்கு எடுப்பது இது. ஒப்பந்தத்தை வழக்கறிஞர் படிப்பார். ஐந்து வருடக் கணக்குப் போட்டு, "உங்கள் கைக்கு ஒரு டாலர்கூட வராது" என்று காட்ட ஒரு கணக்காளர் வேண்டும்.

அந்த மாமாவுக்கு இன்றே உதவ விரும்பினால், மாநிலத்தின் தொழில் உதவி மையம் 2023இல் தொடங்கிய கஞ்சாப் பயிற்சிக் கழகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். இணைய வழி, இலவசம். நியூ ஜெர்சி பொருளாதார மேம்பாட்டு ஆணையம் சமத்துவ உரிமதாரருக்காக 1.5 லட்சம் டாலர் தொடக்க மானியத் திட்டம் நடத்தியது. இதுபோன்ற மானியம் அடுத்து எப்போது திறக்கும் என்று ஆணையத்தையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு "உரிமம் நிச்சயம்" என்று சொல்கிற ஆலோசகரிடம் போகவே வேண்டாம். அப்படி உறுதி தரும் அதிகாரம் யாருக்கும் கிடையாது.

இனி, நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத இடத்துக்கு வருகிறேன்.

அந்த மாமாவின் கடையில் 40,000 டாலர் போட்டுப் பங்குதாரராகச் சேரலாமா என்று உங்கள் கணவர் யோசிப்பதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு டாலர்கூடப் போடக் கூடாது. மத்திய சட்டத்தில் கஞ்சா இன்னும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். மாநிலத்தில் அனுமதி இருந்தாலும், கஞ்சாத் தொடர்பு குடியுரிமைக்கு வேண்டிய நன்னடத்தைத் தகுதியைக் கெடுக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரல் 19 அன்றே அறிவித்தது. கடத்தலுக்கு உடந்தை என்று அதிகாரி நம்பினால் நாட்டுக்குள் வரும் தகுதியே போகும். அந்தப் பணத்தில் பலனடைந்த மனைவி மக்களையும் அது பிடிக்கும். உங்கள் கணவர் முதலீடு செய்யக் கூடாது, ஜாமீன் கையெழுத்துப் போடக் கூடாது, வார இறுதியில் கடையில் 'சும்மா உதவி' என்றும் நிற்கக் கூடாது. எச்1பியிலோ மாணவர் விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் வேறு எந்தத் தமிழ்ப் பிள்ளையும் இந்த வேலையைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் மகள் பிறப்பால் குடிமகள் என்பதால்தான் இவ்வளவு நேரம் பேசுகிறேன். பின்னாளில் அவள் உங்களுக்குக் கிரீன் கார்டு ஸ்பான்சர் செய்வதாக இருந்தால், அந்தத் துறையில் முதல் சம்பளம் வாங்குவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். ரகசிய அனுமதி தேவைப்படும் மத்திய அரசு வேலைகளுக்கும் இந்த அனுபவம் இடைஞ்சல் செய்யலாம் என்று அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

படிப்புச் செலவிலும் அதே கண்டிப்பு. 'கஞ்சா வணிகம்' என்று பெயர் போட்ட தனியார் சான்றிதழ்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அவள் வாங்க வேண்டிய பட்டம் கணக்கியல். எடிசனிலேயே இருக்கும் மிடில்செக்ஸ் கல்லூரியில் இரண்டு வருடம், பிறகு ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். கல்லூரி மாறுவோருக்கான மாநில ஒப்பந்தப்படி இணைப் பட்டத்தின் 60 கிரெடிட் அரசுப் பல்கலைக்கழகத்தில் செல்லும். அந்தத் துறையைப் பாடமாகவே படிக்க ஆசைப்பட்டால் ஸ்டாக்டன் பல்கலைக்கழகத்தில் கஞ்சா ஆய்வுகள் துணைப்பாடமாக இருக்கிறது; துணைப்பாடம் என்ற அளவில் நல்லது. சிபிஏ என்ற பட்டயக் கணக்காளர் தேர்வு நீண்ட பாதை. அதற்கு முன்பே, பட்டம் தேவைப்படாத, ஐஆர்எஸ் நடத்தும் மூன்று பகுதித் தேர்வை எழுதி 'என்ரோல்டு ஏஜென்ட்' ஆகிவிடலாம். வரி அலுவலகத்தின் முன் கட்சிக்காரருக்காகப் பேசும் உரிமை அதிலேயே கிடைக்கும். நம் குடும்பங்களில் பலரும் கேள்விப்படாத தகுதி இது. இந்தத் துறை நாளைக்கே படுத்துவிட்டாலும் சலூன்காரரும் லாரிக்காரரும் அவளிடம் வருவார்கள்.

அவள் ஆசை நிஜமா என்று சோதிக்கவும் வழி இருக்கிறது. குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் 'வீட்டா' திட்டத்தில் ஐஆர்எஸ் சான்றிதழ்த் தேர்வு எழுதித் தன்னார்வலராகச் சேரலாம். ஒரு வரிப் பருவம் முழுக்கக் கசங்கிய ரசீதுகளோடு வருகிறவர்களின் எதிரே அவள் உட்காரட்டும். அது முடிந்தும் கணக்குத்தான் வேண்டும் என்றால் அதற்குமேல் நீங்கள் மறுப்பதில் நியாயம் இல்லை.

டாலஸ் சித்தப்பாவிடம் மகளைப் பேச வைக்காதீர்கள். நீங்களும் கணவரும் சேர்ந்து பேசுங்கள். "கட்டணம் நாங்கள் கட்டுகிறோம், படிப்பது அவள்" என்று சொன்னால் போதும். பல கல்லூரிகளில் இடத்தை உறுதி செய்யக் கடைசி நாள் மே 1. மருத்துவ இடத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடாதீர்கள். கட்டிய பணத்தைக் காட்டியே உறவினர்கள் அவளை அங்கே தள்ளிவிடுவார்கள். வேண்டாம் என்ற கடிதத்தை அவளே எழுதி அந்தத் தேதிக்கு முன் அனுப்பட்டும்.