பராமரிக்க எளிதான, பழைய பாணி பிசிபி (அழுத்தக் காற்றை முன்கூட்டியே நிரப்பிச் சுடும்) ஏர் ரைஃபிள் எது?

இங்கிலாந்தில் இருக்கிறீர்கள், குண்டின் ஆற்றல் உரிமம் தேவையில்லாத 12 அடி-பவுண்டுக்குள் வேண்டும், வால்நட் கட்டையும் கருநீல எஃகுமாகப் பார்க்கப் பழைய ரைஃபிள் போல இருக்க வேண்டும், அடிக்கடி கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. கேள்வியிலிருந்து இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். ஸ்காட்லாந்து என்றால் 2016 கடைசியிலிருந்து இந்த ரகத்துக்கும் சான்றிதழ் வேண்டும், முதலில் அதைப் பாருங்கள்.

ஏர் ஆர்ம்ஸ் எஸ்400. கைமாறியதாக இருந்தாலும் பரவாயில்லை. இதில் ரெகுலேட்டர் (ஒவ்வொரு குண்டுக்கும் காற்றழுத்தத்தை ஒரே அளவில் தரும் பாகம்) கிடையாது. "ரெகுலேட்டர் இல்லாததை இந்தக் காலத்தில் யார் வாங்குவார்?" என்று எழுதத் துடிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

பிசிபியில் எஃகு லேசில் கெடாது, காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்தான் கெடும். ஆகவே எத்தனை ஓ-ரிங், அவை எவ்வளவு சுலபமாகக் கைக்கு எட்டும் என்று பார்த்து வாங்க வேண்டும். எஸ்400 ஒற்றைக் குண்டு ரகம். மேகஸின் இல்லை, அதைச் சுழற்றும் பாகங்களும் இல்லை. காற்று கசிந்தால் தேட வேண்டிய இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை: நிரப்பும் வால்வு, அழுத்தம் காட்டும் கேஜ், சிலிண்டர் இணைப்பு, வெளியேற்றும் வால்வு. எஸ்410 இதன் பத்துக் குண்டு தம்பி. அதுவும் நல்லதுதான், மேகஸின் தொல்லை மட்டும் கூடுதல்.

ரெகுலேட்டர் விஷயத்துக்கு வருகிறேன். அது இல்லாத ரைஃபிளில் அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் உள்ளே வால்வைத் தட்டும் சுத்தியலால் அதை முழுதாகத் திறக்க முடியாது, வேகம் குறையும். அழுத்தம் இறங்க இறங்க வேகம் ஏறி, சமமாக ஓடி, பிறகு விழும். எஸ்400-க்குக் கையேடு சொல்லும் அளவு 190 பார் (பார் என்பது அழுத்த அலகு). ஆனால் உங்கள் ரைஃபிளில் வேகம் சமமாக ஓடும் பகுதி 175-இலேயே தொடங்கலாம். கிரோனோகிராஃப் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) வைத்து, 190-இலிருந்து ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் எழுதுங்கள். வேகம் நிலைக்கும் இடத்துக்கு நிரப்பி, விழத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒருநாள் வேலை, அதோடு முடிந்தது. ரெகுலேட்டர் என்றால் கூடுதல் ஓ-ரிங், வட்ட ஸ்பிரிங் தட்டுகள், வருடங்கள் கழித்து 'கிரீப்': ஓய்வுக்குப் பின் முதல் குண்டின் வேகம் மட்டும் தனியாக மாறி நிற்கும். அப்போது பிரித்துப் போட்டுத்தான் ஆகவேண்டும். இருந்தும் அடுத்தடுத்துச் சுட வேண்டும், வேகம் கடைசிவரை ஒரே சீராக வேண்டும் என்றால் வைராவ் எச்டபிள்யூ100 வாங்குங்கள்: 14 குண்டு, 200 பார், சிலிண்டரைக் கழற்றி வேறு மாட்டலாம். அதைக் குறை சொல்லவில்லை. நீங்கள் கேட்டது பராமரிப்பை.

வேகம் பார்க்கும்போது இன்னொன்று. 8.44 கிரெய்ன் எடையுள்ள பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) வினாடிக்கு 780 அடி போனால் சுமார் 11.4 அடி-பவுண்டு. பிசிபி கனமான பெல்லட்டில் இன்னும் அதிக ஆற்றல் தரும். எனவே சட்ட வரம்பை உங்களிடம் உள்ள ஆகக் கனமான பெல்லட்டில் அளந்து பாருங்கள்.

தினசரிப் பராமரிப்பு மிகக் குறைவு. உலர்ந்த காற்று மட்டும் நிரப்புங்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கமே போகாதீர்கள். நிரப்பும் பாதையில் சாதாரண இயந்திர எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது, உயர் அழுத்தத்தில் அது தீப்பற்றி வெடிக்கக்கூடும். ஓ-ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ், அதுவும் பளபளக்கும் அளவுக்கு மட்டும். வால்வைத் திடுமெனத் திறக்காமல் மெதுவாக நிரப்புங்கள். சுட்டு முடித்ததும் காலியாக வைக்காதீர்கள்; 100 பார் அளவில் நின்றால் வால்வு இருக்கையோடு ஒட்டி நிற்கும், தூசி நுழையாது. கைப்பம்ப் என்றால் 50 தடவை அடித்ததும் ஒருமுறை ஆறவிட்டு ஈரத்தை வெளியேற்ற வேண்டும். முடிந்தால் 3 லிட்டர், 300 பார் பாட்டில் வாங்குங்கள். ரைஃபிள் சிலிண்டர் 150 மில்லி என்று வைத்துக்கொண்டால், 120-இலிருந்து 190-க்கு ஏற்ற பத்தரை லிட்டர் காற்று போதும். பாட்டில் 300-இலிருந்து 190-க்கு இறங்குவதற்குள் 330 லிட்டர் தரும், அதாவது முப்பது தடவை. பாட்டிலுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை உண்டு.

பிரிப்பதற்கு முன் குண்டில்லாமல், பாதுகாப்பான திசையில் காற்று தீரும்வரை சுட்டுத் தள்ளுங்கள். கேஜ் பூஜ்யம் காட்டினாலும் உள்ளே கொஞ்சம் மிஞ்சியிருக்கும். மரை இறுக்கமாகத் திரும்பினால் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம், கையை எடுத்துவிடுங்கள்.

இதில் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. 'எஸ்400-க்குப் பொருந்தும்' என்று சின்னப் பையில் ஓ-ரிங் விற்கிறார்கள், அளவும் இல்லை, கடினத்தன்மையும் இல்லை. பொதுவாகக் குண்டு போடும் வாய்க்கு 70 ஷோர், உயர் அழுத்த இணைப்புக்கு 90 ஷோர் நைட்ரைல் ரப்பர் (ஷோர் என்பது கடினத்தன்மை அளவு). இந்த இரண்டு எண்ணை அச்சடிக்க என்ன செலவு? பழைய ரிங்கை அளந்து தொழிற்சாலைப் பொருள் கடையில் பத்தாக வாங்கிக்கொள்ளுங்கள், அந்தப் பையை விட மலிவு.

கைமாறியது வாங்கப் போனால் 190-க்கு நிரப்பச் சொல்லி, சூடு ஆற ஒரு மணிநேரம் விட்டு அளவைக் குறியுங்கள். மறுநாள் அதே அறையில் பாருங்கள். வெப்பம் 10 டிகிரி இறங்கினால் ஆறேழு பார் தானாகவே குறையும், அதைக் கசிவென்று நினைத்துப் பேரத்தை முறிக்காதீர்கள். அதற்கு மேல் குறைந்தால் குண்டில்லை என்று உறுதிசெய்து, குழல் வாயில் ஒரு பலூனை மாட்டிவையுங்கள். பலூன் உப்பினால் வெளியேற்றும் வால்வு கசிகிறது. முழு அழுத்தத்தில் நாலைந்து தடவை வெறுமனே சுட்டால் அடைத்த துகள் சில சமயம் பறந்துவிடும். பலூன் உப்பவில்லையென்றால் கேஜ், நிரப்பும் முனை இரண்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.