அவர் என்னைத் தாங்குகிறார்; எனக்கு ஏன் மூச்சு முட்டுகிறது?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 38 வயது. டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். ஒரு துணிக் கிடங்கில் பல வருடமாக வேலை. போன மாதம் ஷிப்ட் மேலாளர் பதவிக்கு என் பெயரைச் சொன்னார்கள். சம்பளம் நன்றாகவே கூடும். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரவு ஷிப்ட்.

வீட்டில் சொன்னதும் அவர் யோசிக்கக்கூட இல்லை. "ராத்திரி நீ ரோட்டுல இருந்தா எனக்குத் தூக்கம் வருமா? நம்ம வீட்ல என்ன குறை? நான் இருக்கேன்ல" என்றார். அண்ணனும் போனில் அதையேதான் சொன்னார். அம்மாவோ, "இப்படித் தாங்குற புருஷன் கிடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும். நம்ம குடும்பத்துப் பொம்பளைங்க ராத்திரி வேலைக்குப் போனதே கிடையாது" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை அக்கா. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். காலையில் என்னை வேலையில் இறக்கிவிட்டுத்தான் தன் வேலைக்குப் போவார். கார் பறிப்பைப் பற்றிப் பேசாத வீடு இங்கே கிடையாது. அவர் பயத்தில் பொய் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு முன் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை தனியாக ஓட்டிப் போனவள் நான். இப்போது என்2 நெடுஞ்சாலையில் ஏறும் வளைவுக்கு வந்தாலே உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்குகிறது. ஆடி மாதம் கோயிலில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்ச நடுராத்திரியிலிருந்து அடுப்படியில் நின்றது பெண்கள் நாங்கள்தான். அப்போது யாரும் இருட்டைப் பற்றிப் பேசவில்லை.

மகளுக்கு 13 வயது. "எனக்கும் அப்பா மாதிரி ஒருத்தர் வேணும், நான் எதையும் செய்ய வேண்டியிருக்காது" என்கிறாள். கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. அவர் மேல் கோபப்பட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனோ என்று குற்ற உணர்ச்சி. இந்தப் பதவிக்கு எனக்குத் தகுதி இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. நான் என்ன செய்யட்டும்?

– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் தகுதியில் மேலிடத்துக்குச் சந்தேகம் இல்லை. இருந்தால் உங்கள் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தச் சந்தேகம் வீட்டிலிருந்து வந்தது. அதுவும் அன்பின் வழியாக வந்ததால்தான் உங்களால் அதை அடையாளம் காண முடியவில்லை.

பெண்களைக் குறைத்து மதிப்பிடும் மனப்பான்மைக்கு இரண்டு முகங்கள் உண்டு என்று பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற உளவியலாளர்கள் 1996-இல் எழுதினார்கள். ஒன்று பகை முகம்: "பொம்பளைக்கு என்ன தெரியும்?" இன்னொன்று கனிவு முகம்: "பாவம் பெண், அவளை ஆண்தான் காப்பாற்ற வேண்டும்." முதலாவதோடு சண்டை போட்டுவிடலாம். இரண்டாவதற்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் உங்கள் மூச்சை முட்டுகிறது. பிறகு 19 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். பகை மிகுந்த நாடுகளில் கனிவும் மிகுந்திருந்தது. அந்தப் பட்டியலில் நம் தென்னாப்பிரிக்காவும் உண்டு. இங்கே கனிவு முகத்தை ஆண்களைவிடப் பெண்களே அதிகம் ஏற்றுக்கொண்டார்கள். வெளியே பயம் மிகுந்த இடத்தில், காக்க ஒருவர் வேண்டும் என்று தோன்றுவது இயல்புதானே. அம்மா சொன்னதை அப்படித்தான் நான் பார்க்கிறேன். அவரிடம் மனத்தாங்கல் வேண்டாம்.

இந்தக் கனிவு திறமையையும் தொட்டுவிடும். பெல்ஜியத்தில் நடந்த ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. வேலைக்கு ஆள் எடுப்பது போன்ற சூழலில் பெண்களுக்குச் சோதனை வைத்தார்கள். மட்டம் தட்டும் பேச்சைக் கேட்டவர்களைவிட, "பெண்கள்தானே, நாங்கள் உதவி செய்வோம்" என்ற தோரணையைக் கேட்டவர்களே மோசமாகச் செய்தார்கள். என்னால் முடியுமா என்ற எண்ணம் இடையிடையே வந்து கவனத்தைக் கலைத்திருக்கிறது. என்2 வளைவில் உங்களுக்கு வியர்ப்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஓட்டாமல் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். உங்கள் கை ஓட்டுவதை மறக்கவில்லை, அதற்கு வாய்ப்புதான் கிடைக்கவில்லை.

"நம்ம குடும்பத்துப் பொம்பளைங்க" என்ற பேச்சுக்கும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். 1860 முதல் நம் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகளில் பெண்களும் கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். அவர்களுக்கு ஆண்களின் கூலியில் பாதிதான். 1913-இல் டிரான்ஸ்வாலிலிருந்து கிளம்பிய தமிழ்ப் பெண்கள் நேட்டாலின் நியூகாசில் ஊர் நிலக்கரிச் சுரங்கங்களுக்கே போய், தொழிலாளர்களிடம் பேசி வேலைநிறுத்தத்துக்குத் திரட்டினார்கள். சிலர் கைக்குழந்தையோடு சிறைக்குப் போனார்கள். (இதை நம் பிள்ளைகள் இன்னும் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் தீராத ஆதங்கம்.) வீட்டுக்குள் பொத்தி வைப்பது இந்த மண்ணில் நம் பெண்களின் பழைய வழக்கம் ஆகாது.

இனி, அவரிடம் எப்படிப் பேசுவது? ஆபத்து இருக்கிறதா, முடிவு யாருடையது என்ற இரண்டு கேள்விகளும் உங்கள் வீட்டில் ஒன்றாகக் கலந்துவிட்டன. முதல் கேள்விக்கு அவரோடு சேர்ந்தே விடை தேடுங்கள். 1997-ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டப்படி, மாலை 6 முதல் காலை 6 வரையிலான இரவு வேலைக்கு வந்துபோகப் போக்குவரத்து வசதி இருப்பதை முதலாளி உறுதி செய்ய வேண்டும். சட்டம் வைத்த வருமான வரம்புக்கு மேல் சம்பளம் போனால் இது பொருந்தாது. ஆகவே புதிய சம்பளம் எவ்வளவு, வண்டி உண்டா என்று கையெழுத்துப் போடுமுன் கேட்டுவிடுங்கள். அந்த விவரத்தோடு ஓர் ஓய்வான நேரத்தில் அவரிடம் உட்காருங்கள். "நீங்க பயப்படுறது எனக்குப் புரியுது. பயத்துக்கு என்ன வழின்னு ரெண்டு பேரும் பார்ப்போம். ஆனா போறதா வேண்டாமான்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்று சொல்லுங்கள். குரல் உயர வேண்டியதில்லை. அவர் பேசும்போது குறுக்கிடாதீர்கள். சம்பாதித்துக் காப்பாற்றுபவன்தான் ஆண் என்று சொல்லிச் சொல்லியே அவரையும் வளர்த்திருப்பார்கள். நீங்கள் மேலாளர் ஆனால் தனக்கு இந்த வீட்டில் என்ன இடம் என்ற கலக்கம் அவருக்கு இருக்கலாம். அதை அவர் வாயால் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

காருக்கு வேறு வழி வேண்டாம், ஓட்டிப் பழகுவதுதான். ஞாயிறு காலையில் ஹிகின்சன் ஹைவேயில் ஆரம்பியுங்கள். கை நடுங்காத வரைக்கும் அதே சாலைதான், பிறகுதான் என்2. பக்கத்தில் அவர் வேண்டாம். ஒரு தோழியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சுக்குப் பிறகு அவர் கார்ச் சாவியை ஒளித்தால், சம்பளத்தைப் பிடுங்கினால், பயமுறுத்தினால், அதற்குப் பெயர் அக்கறை இல்லை. 1998-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அடி உதையோடு நிற்கவில்லை, பணத்தை வைத்து ஒடுக்குவதையும் வன்முறை என்றே சொல்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மகளிடம் அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். பதவி கிடைத்ததை அவளிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா